ஓசூர் ரோஜா எந்தச் சாம்பல் நிறம்?

பிப்ரவரி 14 நெருங்கும் வாரங்களில் ஓசூர், பாகலூர், பேரிகை, தளி வட்டாரத்துப் பசுமைக்குடில்களில் ஆட்களுக்கு ஓய்வே இருக்காது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், அதனால் கிடைக்கும் மிதமான குளிர், எல்லையைத் தாண்டினால் பெங்களூரு விமான நிலையம். இவையெல்லாம் சேர்ந்து கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்தப் பகுதியைக் கொய்மலர் பூமியாக்கிவிட்டன. இங்கே பெயர் பெற்ற ரகம் தாஜ்மஹால்: நீண்ட காம்பு, அடர்ந்த சிவப்பு இதழ், கரும்பச்சை இலை. அந்தப் பாத்திகளைக் கைப்பேசியில் யார் படம் எடுத்தாலும் நன்றாகவே வரும். இலைக்கூட்டத்தின் நடுவே பூ அவ்வளவு பளிச்சென்று தனித்துத் தெரியும்.

அதே படத்தை ஒரு செயலியில் போட்டுக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். பல சமயம் பூ காணாமல் போய்விடும். இதழும் இலையும் ஒரே சாம்பல் நிறத்துக்கு வந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். வேறொரு செயலியில் போட்டால் பூ கரியதாகிவிடும். மூன்றாவது செயலியில் பூ வெளிறிப்போய், இலை இருண்டு நிற்கும். பூ ஒன்று, படம் ஒன்று. ஆனால் மூன்று விடைகள்.

இதில் எந்தச் செயலியும் தவறு செய்யவில்லை. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்குவது என்றால் நிறத்தைத் துடைத்து எடுப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். உண்மையில் அங்கே நடப்பது ஒரு தீர்ப்பு. சிவப்புக்கு எவ்வளவு மதிப்பு, பச்சைக்கு எவ்வளவு, நீலத்துக்கு எவ்வளவு என்று யாரோ முடிவு செய்தாக வேண்டும். நாம் செய்யாவிட்டால் செயலியை எழுதியவர் நமக்காகச் செய்துவைத்திருப்பார்.

நிறம் அறியாத கேமரா

கைப்பேசி கேமராவின் சென்சாரில் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிக்குழிகள் உண்டு. ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியின் அளவை மட்டுமே எண்ணும். வந்தது சிவப்பா, பச்சையா என்று அதற்குத் தெரியாது. பிறவியிலேயே சென்சார் ஒரு கறுப்பு வெள்ளைக் கருவிதான்.

அதற்கு நிறம் பார்க்கக் கற்றுக்கொடுத்த முறைகளில் மிகப் பரவலானதைக் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் உருவாக்கினார். 1976-ல் காப்புரிமை பெற்ற அந்த முறையில் ஒவ்வொரு ஒளிக்குழியின் மேலும் ஒரு சிறு நிற வடிகட்டி இருக்கும். நான்கு குழிகளை ஒரு கட்டமாக எடுத்துக்கொண்டால் இரண்டுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு, ஒன்றுக்கு நீலம். ஆக ஒவ்வொரு குழியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் அளக்கிறது. விடுபட்ட மற்ற இரண்டையும் பக்கத்துக் குழிகளைப் பார்த்துக் கணினி கணக்கிட்டு நிரப்புகிறது. நாம் பார்க்கும் வண்ணப் படத்தின் மூன்றில் இரண்டு பங்கு கணக்கில் விளைந்தது.

இந்த யோசனையின் வேர் இன்னும் பழையது. 1861-ல் இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் லண்டனில் ஒரு விரிவுரையின்போது வண்ணப் புகைப்படம் ஒன்றைத் திரையில் காட்டினார். கட்டம் போட்ட ஒரு ரிப்பனை சிவப்பு, பச்சை, நீலக் கண்ணாடிகள் வழியாகத் தனித்தனியே கறுப்பு வெள்ளைப் படங்களாக எடுத்திருந்தார்கள். அவற்றை அதே நிற விளக்குகளால் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது நிறம் பிறந்தது. நம் கைப்பேசியில் இருக்கும் ஒவ்வொரு வண்ணப் படத்துக்குள்ளும் இன்றும் அப்படி மூன்று கறுப்பு வெள்ளைப் படங்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் கேள்வி இவ்வளவுதான்: அந்த மூன்றையும் எப்படி ஒன்றாக்குவது?

மூன்று எண்ணை ஒன்றாக்கும் கணக்கு

ரோஜாப் படத்திலிருந்து இரண்டு பிக்ஸல்களை எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிறமும் 0 முதல் 255 வரை ஓர் எண். இதழின் பிக்ஸல்: சிவப்பு 200, பச்சை 30, நீலம் 45. இலையின் பிக்ஸல்: சிவப்பு 60, பச்சை 100, நீலம் 50.

முதல் வழி, மூன்றையும் கூட்டி மூன்றால் வகுப்பது. இதழுக்கு 92 வரும், இலைக்கு 70. பூ கொஞ்சம் வெளிச்சமாகத் தெரியும்.

இரண்டாவது வழி, பழைய தொலைக்காட்சித் துறை தந்த சூத்திரம். சிவப்பில் 29.9 விழுக்காடு, பச்சையில் 58.7, நீலத்தில் 11.4 எடுத்துக் கூட்ட வேண்டும். இதழுக்கு 83, இலைக்கு 82. பூ மறைந்தேவிட்டது!

மூன்றாவது, பின்னாளில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கு வந்த சூத்திரம். சிவப்பு 21.26 விழுக்காடு, பச்சை 71.52, நீலம் 7.22. இந்த எண்களுக்கு அதை அப்படியே போட்டால் இதழ் 67, இலை 88. இப்போது பூ இலையைவிட இருண்டுபோகிறது.

இதோடு முடியவில்லை. கோப்பில் இருக்கும் எண்கள் ஒளியின் நேரான அளவுகள் இல்லை. கண்ணுக்குச் சீராகத் தெரியும்படி வளைத்துச் சேமித்தவை. 200 என்ற எண் 100-ஐப் போல இரு மடங்கு ஒளியைக் குறிக்காது, நான்கு மடங்குக்கும் மேலான ஒளியைக் குறிக்கும். அந்த வளைவை நிமிர்த்தி, உண்மையான ஒளி அளவுகளில் மூன்றாவது சூத்திரத்தைப் போட்டு, விடையை மறுபடி வளைத்தால் இதழ் 102, இலை 90. பூ மீண்டும் வெளிச்சத்துக்கு வந்துவிடுகிறது.

பொறியியல் கலந்தாய்வுக்குக் கட்-ஆஃப் கணக்கிட்ட எந்த வீட்டுக்கும் இது புரியும். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என்று சுருக்கிக் கூட்டுவதால்தான் இன்னார் முன்னே, இன்னார் பின்னே என்ற வரிசை வருகிறது. எந்தப் பாடத்துக்கு எவ்வளவு எடை என்பதை மாற்றினால் மதிப்பெண் மாறாமலே வரிசை மாறிவிடும். ஒரே தாஜ்மஹால் ரோஜா செயலிக்குச் செயலி முன்னும் பின்னும் போவதன் காரணமும் இதேதான்.

பச்சைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு?

மேலே சொன்ன இரண்டு சூத்திரங்களும் பச்சைக்கே பெரும்பங்கு தருகின்றன. பேயரும் பச்சைக்கு இரண்டு இடம் தந்தார். இதற்கான காரணம் நம் கண்ணுக்குள் இருக்கிறது.

விழித்திரையில் நிறம் காணும் கூம்புச் செல்கள் சுமார் 60 லட்சம். அவற்றில் நீலத்துக்கு உரியவை சிறுபான்மை. மற்ற இரண்டு வகைகளின் உணர்திறன் எல்லைகள் பச்சைப் பகுதியில் ஒன்றோடொன்று பெரிதும் மேவுகின்றன. அதனால் பகல் வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள் கலந்த பச்சை ஒளி. அதே ஆற்றலுள்ள நீல ஒளி மிக மங்கலாகவே தெரியும். சூத்திரத்தில் உள்ள விழுக்காடுகள் பகலில் மனிதக் கண் உலகை எடைபோடும் விதத்தை ஒட்டி அமைந்தவை.

பகலில் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. இருட்டத் தொடங்கும் நேரத்தில் ரோஜாத் தோட்டத்தில் நின்று பார்த்தால் இயற்கை தானே செய்யும் கறுப்பு வெள்ளை மாற்றம் தெரியும். பகலில் எரிந்த சிவப்பு மெல்லக் கருகி, ஏறக்குறைய கறுப்பாகிவிடும். இலைகளோ பூவைவிட வெளிறித் தெரியும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் அறிஞர் யான் புர்கின்யே கவனித்து எழுதிய விளைவு இது. மங்கிய ஒளியில் கூம்புகள் ஓய்ந்து, குச்சிச் செல்கள் பொறுப்பேற்கின்றன. விழித்திரையில் அவை சுமார் 12 கோடி. 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சைக்கு அவை மிகக் கூர்மையானவை. சிவப்பு ஒளியை ஏறக்குறைய உணர்வதே இல்லை. ஆக நம் கண்ணிலேயே பகலுக்கு ஒரு சூத்திரம், இரவுக்கு ஒரு சூத்திரம். இந்தப் பூவின் சரியான சாம்பல் எது என்று கேட்டால் கண்ணே எந்நேரத்தில் என்று திருப்பிக் கேட்கும்.

சாலிடேர் பெட்டியில் தெரிந்த வண்ணங்கள்

இரண்டாவது சூத்திரத்தை நம்மில் பலர் ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்திருக்கிறோம். சென்னைத் தூர்தர்ஷன் 1975-ல் தொடங்கியபோது ஒளிபரப்பே கறுப்பு வெள்ளைதான். 1982-ல் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. ஆனால் தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் இருந்தவை சாலிடேர், டயனோரா போன்ற கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். அவற்றில் படம் நின்றுவிடவில்லை. காரணம், வண்ண ஒளிபரப்பை வடிவமைத்த பொறியாளர்கள் பழைய பெட்டி வைத்திருப்பவரையும் கணக்கில் எடுத்திருந்தார்கள். சிவப்பையும் பச்சையையும் நீலத்தையும் அந்த விழுக்காடுகளில் கலந்து, முழுமையான ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை முதலில் அனுப்பினார்கள். நிறத்தைத் தனிச் செய்தியாக அதன்மேல் ஏற்றினார்கள். வண்ணப் பெட்டி இரண்டையும் படித்தது. பழைய பெட்டி முதலாவதை மட்டும் படித்துக்கொண்டது.

பெட்டிகள் போய்விட்டன, சூத்திரம் போகவில்லை. நாம் அன்றாடம் அனுப்பும் ஜேபெக் படங்களும் இதே விழுக்காடுகளில்தான் வெளிச்சத்தையும் நிறத்தையும் பிரித்துச் சேமிக்கின்றன. வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, பெரும்பாலும் நிறத்தை மட்டும் பாதி நுணுக்கத்துக்குக் குறைத்துவிடுகின்றன. கண்ணுக்கு அந்தக் குறை தெரிவதில்லை. உருவத்தின் கூர்மையை நமக்குக் காட்டுவது பெரிதும் கறுப்பு வெள்ளைதான்.

ஃபிலிமும் இலையும்

ஃபிலிம் காலத்தில் இந்தத் தீர்ப்பை வேதிப்பொருள் வழங்கியது. ஆரம்பகாலத் தட்டுகள் நீல ஒளியை மட்டுமே உணர்ந்தன. 1873-ல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல், சில சாயங்களைச் சேர்த்தால் தட்டு பச்சையையும் உணரும் என்று கண்டுபிடித்தார். அப்படி வந்த வகைகளிலும் சிவப்பு பதியவில்லை. சிவந்த உதடு கறுத்தது, நீல வானம் வெளுத்து மேகமே இல்லாமல் போனது. எல்லா நிறங்களையும் உணரும் ஃபிலிம் 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவலானது. அதன்பின் புகைப்படக்காரர்கள் லென்ஸின் முன்னால் வண்ணக் கண்ணாடி பொருத்தி எடைகளைத் தாங்களே மாற்றக் கற்றார்கள். சிவப்புக் கண்ணாடி போட்டால் வானம் இருண்டு மேகம் எழும்பும். பச்சைக் கண்ணாடி போட்டால் இலைகள் துலங்கும்.

ரோஜாச் செடி இதற்கு ஏன் இவ்வளவு பொருத்தமான பாடம் என்றால், இதழும் இலையும் ஒளியை நேரெதிராகக் கையாள்கின்றன. இதழின் ஆந்தோசயனின் என்ற நிறமி பச்சை ஒளியை விழுங்கிச் சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. இலையின் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உணவு தயாரிக்க எடுத்துக்கொண்டு பச்சையில் கொஞ்சத்தை விட்டுவிடுகிறது. நம் எடுத்துக்காட்டில் சிவப்பு அடுக்கை மட்டும் பார்த்தால் இதழ் 200, இலை 60: இரவில் ஏற்றிய விளக்குப் போலப் பூ நிற்கும். பச்சை அடுக்கை மட்டும் பார்த்தால் இதழ் 30, இலை 100: பூ கறுத்து, இலையின் நரம்புகள் துலங்கும். நீல அடுக்கில் 45-க்கும் 50-க்கும் வேறுபாடே இல்லை.

சிவப்பைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக்குப் போனால் கதை தலைகீழாகிறது. பச்சையத்துக்கு அந்த ஒளி பயன்படாது. இலை அதைப் பெருமளவு திருப்பி அனுப்பிவிடும். 1910-ல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் வெளியிட்ட அகச்சிவப்புப் படங்களில் மரங்கள் பனி மூடியதுபோல வெள்ளையாக நின்றன. இன்று செயற்கைக்கோள்கள் பயிரின் நலத்தை அளக்கும் முறை இதே உண்மையில் நிற்கிறது: சிவப்பில் இருண்டும் அகச்சிவப்பில் பளிச்சென்றும் இருந்தால் இலை நலமாக இருக்கிறது.

தொழிற்சாலையிலும் பாறையிலும்

ரோஜாத் தோட்டங்களுக்குப் பக்கத்திலேயே ஓசூரின் இன்னொரு முகம், சிப்காட் வளாகங்கள். 1980 வாக்கில் இங்கே டிவிஎஸ் மொபெட்டும் அசோக் லேலண்ட் வாகனமும் உருவாகத் தொடங்கின. அடுத்து டைட்டன் கைக்கடிகாரம் வந்தது. இப்போது மின்னணு ஆலைகள் வருகின்றன. வாகன உதிரிப்பாகம், கடிகாரம், மின்னணுப் பலகை என்று நுணுக்கம் கேட்கும் தொழில்களில் உலகெங்கும் தரம் பார்க்கும் கேமராக்களில் பெரும்பகுதி கறுப்பு வெள்ளைக் கேமராக்கள். நிற வடிகட்டி இல்லாததால் ஒவ்வொரு ஒளிக்குழிக்கும் முழு ஒளி கிடைக்கிறது. ஊகித்து நிரப்பும் வேலை இல்லாததால் விளிம்புகள் கூர்மையாகப் பதிகின்றன. எடையை அங்கே விளக்கின் நிறம் தீர்மானிக்கிறது. வெள்ளைப் பரப்பில் அச்சிட்ட சிவப்பு எழுத்தைச் சிவப்பு விளக்கில் பார்த்தால் எழுத்து மறைந்துவிடும். நீல விளக்கில் பார்த்தால் கரிய எழுத்தாக நிற்கும். எதைத் தேடுகிறோமோ அதற்கேற்ற விளக்கைப் போடுவதுதான் அந்தத் துறையின் பால பாடம்.

இதே பாடம் ஆலையிலிருந்து சற்றுத் தொலைவில் இருக்கும் பாறைகளுக்கும் பொருந்தும். கிருஷ்ணகிரி மாவட்டம் பாறை ஓவியங்களும் நடுகற்களும் நிறைந்த மண். பர்கூர் அருகே மல்லபாடியில் வெண்ணிறத்தில் தீட்டிய பழங்கால ஓவியங்கள் உள்ளன. காலம் மங்கச் செய்த இத்தகைய ஓவியத்தை வண்ணப் படமாக எடுத்து நீல அடுக்கை மட்டும் பிரித்துப் பாருங்கள். இரும்புச்சத்தால் பழுப்பேறிய பாறை நீல ஒளியைப் பெரிதும் விழுங்கும். வெள்ளை நிறமி அதைத் திருப்பி அனுப்பும். கண்ணுக்குத் தேய்ந்து தெரிந்த கோடுகள் அங்கே மேலெழும்பி வரும். வெளிறிய பாறையில் செங்காவியால் தீட்டியவையும் நீல அடுக்கில்தான் இருண்டு துலங்கும். இந்த யோசனையை இன்னும் விரித்து அமெரிக்கக் கணிதவியலாளர் ஜான் ஹார்மன் உருவாக்கிய டிஸ்ட்ரெட்ச் என்ற மென்பொருளை இன்று உலகெங்கும் பாறை ஓவிய ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். ஓவியத்தைத் தொடாமல், தண்ணீர் தெளிக்காமல், சுண்ணாம்பு தேய்க்காமல் வெறும் கணக்கால் படிக்க முடிகிறது. நம் மலைகளுக்கு இதைவிடப் பெரிய உதவி வேண்டியதில்லை.

திரும்பி வர முடியாத பாதை

மூன்று அடுக்கு வண்ணப் படத்தில் ஒரு பிக்ஸல் ஏற்கக்கூடிய நிறங்கள் 1,67,77,216. கறுப்பு வெள்ளையில் 256 மட்டும். சராசரியாக 65,536 வெவ்வேறு நிறங்கள் ஒரே சாம்பலுக்குள் போய் அடைகின்றன. போனபின் எது எங்கிருந்து வந்தது என்று அந்தச் சாம்பலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதனால்தான் பழைய கல்யாணப் படங்களுக்குச் செயற்கை நுண்ணறிவால் நிறம் பூசும் இன்றைய ஆசையைக் கவனமாக அணுக வேண்டும் என்கிறேன். அரக்கு உடலில் பச்சைக் கரை போட்ட காஞ்சிப் பட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தில் கரையே தெரியாத ஒரே சாம்பல் சேலையாகிவிடக்கூடும். பாட்டி அன்று உடுத்தது அரக்கா, பச்சையா, கருநீலமா என்று அந்தச் சாம்பலில் எழுதியிருக்காது. மென்பொருள் தன் பயிற்சியில் பார்த்த லட்சக்கணக்கான படங்களை வைத்து ஊகிக்கிறது. அந்த ஊகம் அழகாக இருக்கலாம், ஆவணம் ஆகாது. மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பாட்டியிடமோ அவர் உடன்பிறந்தவர்களிடமோ சேலையின் நிறத்தைக் கேட்டுப் படத்தின் பின்னால் எழுதிவையுங்கள். அந்த ஒரு வரிக்கு எந்த மென்பொருளும் ஈடாகாது.

முகங்களிலும் இந்த எடைக் கணக்குக்குப் பொறுப்பு உண்டு. நம் தோலின் மெலனின் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் விழுங்குகிறது. சிவப்பு அடுக்குக்கு எடை கூட்டினால் தோல் வெளுத்து, தழும்பும் சுருக்கமும் மறையும். நீலத்துக்குக் கூட்டினால் தோல் கறுத்து, ஒவ்வொரு ரேகையும் எழும். உழைத்துக் காய்ந்த ஒரு முகத்தை எடுத்துவிட்டு, அதை வெளுத்துக் காட்டும் வடிகட்டியைப் பழக்கதோஷத்தில் தட்டுவது அந்த முகத்துக்குச் செய்யும் நியாயமில்லை.

செய்ய வேண்டியது எளிது. கேமராவிலேயே கறுப்பு வெள்ளை முறையை வைத்து எடுக்காமல் வண்ணத்தில் எடுங்கள், மூலத்தைப் பத்திரமாக வையுங்கள். பிறகு நிறத்தை ஒரே தட்டில் நீக்கும் பொத்தானை விட்டுவிட்டு, ஒவ்வொரு நிறத்தின் வெளிச்சத்தையும் தனித்தனியே ஏற்றி இறக்க விடும் கருவியைத் தேடுங்கள். ஸ்னாப்சீடில் கறுப்பு வெள்ளைப் பகுதியில் வண்ண வடிகட்டிகள் இருக்கின்றன. லைட்ரூமில் எட்டு நிறங்களுக்கு எட்டு நகர்த்திகள் உண்டு. சிவப்பை ஏற்றி ஒரு படம், பச்சையை ஏற்றி ஒரு படம், நீலத்தை ஏற்றி ஒரு படம் செய்து பக்கம் பக்கமாக வைத்துப் பாருங்கள். இந்தப் படத்தில் நான் காட்ட விரும்புவது பூவையா, இலையையா, இரண்டுக்கும் நடுவே உள்ள வெளிச்சத்தையா என்று அப்போது உங்களையே கேட்டுக்கொள்வீர்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் வேலையை எந்தச் செயலியிடமும் ஒப்படைக்காதீர்கள். அது படம் எடுத்தவருக்கு உரியது.